லேசர் மெஷினும் காய்ந்துபோன எர்த் குழியும்

எங்கள் வீட்டு வாசலில் இப்போது ‘அன்னை இல்லம்’ என்று ஒரு பெயர்ப் பலகை தொங்குகிறது. ஒரு அடி நீளம், அரை அடி உயரம், தேக்குப் பலகை. வீட்டிலேயே லேசரில் நான் செதுக்கியது. இதற்கு முன்னால் ஒன்பது பலகை கெட்டுப்போனது. அந்த ஒன்பதையும் தூக்கிப் போடாமல் பரணில் வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் என்ன தேதி, என்ன வேகம், எதனால் கெட்டது என்று பென்சிலில் எழுதி. இந்தப் பதிவு முழுக்க அந்தப் பென்சில் குறிப்புகளில் இருந்து வந்ததுதான். புதிதாக மெஷின் வாங்கி, பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு முழிக்கிறவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் என்னுடைய மெஷினில் கோளாறு என்று நான் நினைத்த பாதி விஷயம் மெஷினில் இல்லை, வீட்டில் இருந்தது.

சத்துவாச்சாரியில் பழைய வீடு எங்களுடையது. நான் மேல்விஷாரம் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். வீட்டுக்காரருக்குப் பெங்களூரில் வேலை, சனிக்கிழமை காட்பாடியில் வந்து இறங்குவார். வீட்டில் நான், பையன், மாமனார், மாமியார். மாமனார் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

மெஷின் வந்தது தை மாதம், ஆன்லைனில் வாங்கியது. வாங்கும்போது முதலில் குழப்புவது வாட் கணக்குதான். பெட்டியில் பெரிய எழுத்தில் 40 வாட் என்று போட்டிருக்கும், அது மெஷின் இழுக்கிற மின்சாரம். லேசராக வெளியே வருவது எத்தனை வாட் என்பது உள்ளே சின்ன எழுத்தில் இருக்கும். என்னுடையது வெளிச்சத்தில் 10 வாட். நீல நிற டயோடு லேசர், அலைநீளம் 455 நானோமீட்டர். இந்த நீலத்துக்கு ஒரு குணம், எந்தப் பொருள் நீல வெளிச்சத்தை உறிஞ்சுமோ அதைத்தான் சுடும். மரம், அட்டை, கறுப்பு அக்ரிலிக் எல்லாம் சரியாகச் சுடும். கண்ணாடி மாதிரியான தெளிந்த அக்ரிலிக்கை வைத்தால் வெளிச்சம் ஊடே போய்க் கீழே இருக்கிற பலகையைக் கருக்கும், அக்ரிலிக்கில் கீறல்கூட விழாது. தெளிந்த அக்ரிலிக்கில் சாவிக்கொத்து செய்யலாம் என்ற ஆசையில் இதை வாங்குகிறவர்கள் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும், அதற்கு கார்பன் டை ஆக்ஸைடு லேசர் வேண்டும், அது வேறு விலை.

பூட்டுவது ஒரு மணி நேர வேலை. நாலு அலுமினியச் சட்டம், நடுவில் ஒரு குறுக்குச் சட்டம், மூன்று மோட்டார், இரண்டு பக்கமும் பெல்ட். இதில் அவசரப்படக் கூடாத இடம் ஒன்றே ஒன்று, சட்டத்தின் மூலை. கொத்தனார் மூலைமட்டம் பார்ப்பது மாதிரி பார்க்க வேண்டும். நான் சணல் கயிறு எடுத்து மூலைக்கு மூலை பிடித்துப் பார்த்தேன், ஒரு மூலைவிட்டம் மற்றதைவிட 4 மில்லிமீட்டர் அதிகம். அப்படியே விட்டிருந்தால் சதுரம் போட்டால் சாய்சதுரம்தான் வந்திருக்கும். ஸ்குரூவைத் தளர்த்தி, இரண்டு மூலைவிட்டமும் சமமாக வரும்வரை தட்டி, அப்புறம் இறுக்கினேன். அடுத்தது, வைக்கிற இடம். எங்கள் டைனிங் டேபிளில் வைத்தபோது தலை ஓடுகிற ஓட்டத்தில் டேபிளே ஆடியது, கோடெல்லாம் நடுக்கத்தோடு விழுந்தது. பின் அறையில் துணி மடித்து வைக்கிற கடப்பா கல் மேடை இருக்கிறது, அதை ஒழித்துவிட்டு அங்கே வைத்தேன். ஆடாது, தீப்பிடிக்காது. நாலு காலில் ஒன்று மட்டும் தூக்கிக்கொண்டு நின்றது, அதற்கு அடியில் மடித்த தகரத் துண்டு ஒன்று.

கண் விஷயத்தில் மட்டும் யாரும் விளையாட வேண்டாம். இது நாலாம் வகுப்பு லேசர், ஆபத்து வரிசையில் கடைசி வகுப்பு. நேராகப் பட்டால் என்று மட்டும் இல்லை, பளபளப்பான ஸ்குரூத் தலையில் பட்டுத் தெறித்தாலும் விழித்திரை போய்விடும், கண் சிமிட்டுகிற நேரம்கூடக் கிடைக்காது. பெட்டியோடு வந்த கண்ணாடியில் எந்த அலைநீளத்துக்கு என்று எதுவும் அச்சிடவில்லை, அதை எடுத்து வைத்துவிட்டு, 455 நானோமீட்டரைத் தடுக்கும் என்று எண் போட்ட, ஓடி (வெளிச்சத்தை எவ்வளவு தடுக்கும் என்கிற அளவு) 5-க்கு மேல் உள்ள கண்ணாடி தனியாக வாங்கினேன். இரண்டு வாங்கினேன், எட்டிப் பார்க்க வருகிறவருக்கும் ஒன்று வேண்டுமே. பையன் இரண்டாம் வகுப்பு, எதைப் பார்த்தாலும் ஓடி வருவான். அதனால் மெஷின் ஓடும்போது அறைக் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கும், நானும் உள்ளேதான் இருப்பேன்.

புகைக்கு ஜன்னலில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து, மெஷின் மேல் மூடியில் இருந்து மடிப்புக் குழாய் இழுத்தேன். முதல் வாரம் பக்கத்து வீட்டு அக்கா மாடியில் வடகம் காயப் போட்டிருந்தார், ப்ளைவுட் புகை நேராக அங்கே போய்விட்டது. சுவரைத் தாண்டி வந்து, “ஏம்மா, வடகத்துல பொகை வாசனை வருது, இன்னா எரிக்கிற?” என்று கேட்டபோது எனக்கு ரொம்பக் கஷ்டமாகப் போய்விட்டது. ப்ளைவுட்டில் இருக்கிற பசை எரிந்து வருகிற புகை அது, சாப்பிடுகிற பொருளில் படவே கூடாது. அன்றைக்கே குழாயை முருங்கை மரம் இருக்கிற பின்பக்கத்துக்குத் திருப்பி, மாடி மட்டத்துக்கு மேலே போகிற மாதிரி ஏற்றிக் கட்டினேன்.

கம்ப்யூட்டரோடு சேர்ப்பதில் ஒரு சாயங்காலம் போனது. லேசர்ஜிஆர்பிஎல் என்கிற இலவச மென்பொருள் விண்டோஸில் ஓடும், அதைத்தான் பயன்படுத்துகிறேன். லைட்பர்ன் இன்னும் வசதியானது, காசு கொடுக்க வேண்டும், முதலில் கொஞ்ச நாள் சும்மா ஓட்டிப் பார்க்கலாம். கனெக்ட் கொடுத்தால் மெஷினே தெரியவில்லை. பார்க்க வேண்டியது மூன்று. ஒன்று, கேபிள். போன் சார்ஜ் செய்கிற சில யுஎஸ்பி கேபிளில் மின்சாரக் கம்பி மட்டும்தான் இருக்கும், தகவல் போகிற கம்பி இருக்காது, நான் செருகியிருந்தது அதுதான். இரண்டு, டிரைவர். பல மெஷின் போர்டில் சிஎச்340 என்கிற சிப் இருக்கும், அதற்கான டிரைவர் போட்டால்தான் காம் போர்ட் எண், அதாவது கம்ப்யூட்டர் மெஷினை அடையாளம் காண்கிற இணைப்பு எண், வரும். மூன்று, பாட் ரேட், அதாவது இரண்டும் பேசிக்கொள்கிற வேகம், 115200. இந்த மூன்றும் சரியானதும் மெஷின் தன்னுடைய அமைப்புகளை வரிசையாகக் கொட்டியது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் டாலர் குறியும் ஒரு எண்ணும் இருக்கும். அதில் டாலர் 32 என்கிற வரி 1 என்று இருக்கிறதா என்று மட்டும் அப்போதே பார்த்துவிடுங்கள். 0 என்று இருந்தால் மெஷின் தன்னை லேசர் என்று நினைக்காமல் துளை போடுகிற மோட்டார் என்று நினைத்துக்கொள்ளும், பவர் மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு கணம் நின்று நின்று போகும், நின்ற இடமெல்லாம் கறுப்புப் பொட்டு. டாலர் 30-இல் இருக்கிற அதிகபட்ச பவர் எண்ணும் மென்பொருளில் கொடுத்திருக்கிற அதிகபட்ச பவர் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆற்காட்டில் தோழி ஒருத்தியின் மெஷின் வாங்கிய நாளிலிருந்தே மங்கலாகச் சுட்டுக்கொண்டிருந்தது, போய்ப் பார்த்தால் மெஷினில் 1000, மென்பொருளில் 255. முழு பவர் என்று நினைத்து அவள் கொடுத்ததெல்லாம் கால் பவர்தான்.

இப்போது ஃபோகஸ், அதாவது லேசர் வெளிச்சம் ஒரே புள்ளியாகக் குவிகிற உயரம். முதல் இரண்டு பலகை இதில்தான் போனது. எழுத்து தடித்து, ஓரம் பழுப்பாகி, தோசைக்கல்லில் தீய்ந்த மாதிரி இருந்தது. பவரை ஏற்றினேன், குறைத்தேன், ஒன்றும் மாறவில்லை. அப்புறம் செய்ததுதான் சரியான வழி. 200 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு பட்டைப் பலகையை எடுத்து, ஒரு முனை தரையில், மறு முனைக்கு அடியில் 20 மில்லிமீட்டர் கட்டை வைத்துச் சாய்வாக நிறுத்தினேன். குறைந்த பவரில் அதன் மேல் நீளவாக்கில் ஒரே ஒரு கோடு. கோடு இரண்டு முனையிலும் தடிமனாகவும், இடையில் ஓரிடத்தில் மயிரிழை மாதிரியும் விழும். அந்த மயிரிழை இருக்கிற இடம்தான் உண்மையான ஃபோகஸ். பலகையில் 10 மில்லிமீட்டர் நகர்ந்தால் உயரத்தில் 1 மில்லிமீட்டர், அதனால் கணக்குப் போடுவது சுலபம். எனக்கு நான் வைத்திருந்த இடத்திலிருந்து 15 மில்லிமீட்டர் தள்ளி வந்தது, அதாவது உயரம் ஒன்றரை மில்லிமீட்டர் தப்பு. காரணம், உயரம் வைக்கப் பயன்படுத்துகிற அளவுக் கட்டையை லேசர் தலையின் உடம்புக்கு அடியில் வைக்க வேண்டும், நான் கீழே நீட்டிக்கொண்டிருக்கிற காற்றுக் குழல் முனைக்கு அடியில் வைத்திருந்தேன். ஒன்றரை மில்லிமீட்டர்தான். அதைச் சரி செய்ததும் அதே பலகையில், அதே பவரில், பேனாவால் எழுதிய மாதிரி கோடு விழுந்தது. அதைப் பார்த்த சந்தோஷம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மூன்றாவது பலகையில் வட்டம் முட்டையானது. சதுரம் சரியாக 50 மில்லிமீட்டர் வருகிறது, வட்டம் மட்டும் பக்கவாட்டில் ஒரு படி விழுந்து கோணுகிறது. இந்த மாதிரி நேரத்தில் பலர் டாலர் 100, டாலர் 101 எண்களை மாற்றச் சொல்வார்கள். மாற்றாதீர்கள். அது ஒரு மில்லிமீட்டருக்கு மோட்டார் எத்தனை அடி வைக்க வேண்டும் என்கிற கணக்கு. என் மெஷினில் 20 பல்லுள்ள சக்கரம், 2 மில்லிமீட்டர் பல் இடைவெளி, ஒரு சுற்றுக்கு 3200 அடி, வகுத்தால் 80, அது பிசகவே பிசகாது. வட்டத்தில் தலை திசை திரும்புகிற இடத்தில் படி விழுந்தால், எங்கேயோ தளர்ச்சி இருக்கிறது என்று அர்த்தம். பெல்ட்டை விரலால் மீட்டிப் பார்த்தேன், தம்புரா தந்தி மாதிரி மெல்லிசாக ஒரு ஓசை வர வேண்டும், ஒரு பக்கம் தொளதொளவென்று இருந்தது. அதை இழுத்து இறுக்கிய பின்னும் படி பாதிதான் குறைந்தது. மீதி எங்கே இருந்தது தெரியுமா, மோட்டார் தண்டில் பல் சக்கரத்தைப் பிடிக்கிற குட்டி கிரப் ஸ்குரூவில். தண்டின் ஒரு பக்கம் தட்டையாகச் சீவியிருக்கும், ஸ்குரூ அந்தத் தட்டையில் உட்கார வேண்டும். எனக்கு உருண்டைப் பக்கத்தில் உட்கார்ந்து வழுக்கிக்கொண்டிருந்தது. ஆலன் கீ எடுத்து அரைச் சுற்று தளர்த்தி, சக்கரத்தைத் திருப்பி, தட்டைக்கு நேராக இறுக்கினேன். வட்டம் வட்டமானது.

அடுத்தது தமிழ் எழுத்து. இதைப் பற்றி நான் தேடியபோது யாரும் சொல்லவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆங்கில எழுத்து பெரும்பாலும் நேர்கோடு. தமிழ் எழுத்து வளைவும் சுழியும். ‘அன்னை இல்லம்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று புள்ளி, ன-வில் சுழி, னை-யின் முன்னால் இரட்டைச் சுழி, இ முழுக்கச் சுழி. லேசர் தலை நேர்கோட்டில் வேகமாக ஓடும், சுழிக்குள் நுழைந்ததும் வேகம் குறைந்தாக வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப முடியாது. வேகம் குறைந்து, பவர் அப்படியே இருந்தால் அந்த இடம் கூடுதலாக வெந்துவிடும். என்னுடைய நாலாவது பலகையில் எழுத்தெல்லாம் அழகான பழுப்பு, மூன்று புள்ளியும் கரி. ல்-லின் மேல் இருக்கிற புள்ளி ப்ளைவுட்டின் முதல் அடுக்கைத் தாண்டி ஓட்டையே போட்டுவிட்டது. விரல் நுனியால் தொட்டால் கரி ஒட்டிக்கொண்டு வந்தது.

அதற்கு வழி, மெஷினுக்குக் கொடுக்கிற கட்டளையில் எம்3-க்குப் பதில் எம்4. எம்3 என்றால் தலை எந்த வேகத்தில் போனாலும் ஒரே பவர். எம்4 என்றால் வேகம் குறையக் குறைய பவரும் தானாகக் குறையும். லேசர்ஜிஆர்பிஎல்-இல் கோப்பை உள்ளே எடுக்கும்போதே எது வேண்டும் என்று கேட்கும். செதுக்குவதற்கு எம்4, அறுத்து எடுப்பதற்கு எம்3 என்று வைத்துக்கொண்டேன். எம்4-க்கு மாற்றிய உடனே புள்ளிகள் எழுத்தின் நிறத்துக்கே வந்துவிட்டன.

இன்னொரு தொல்லை எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுவது. இங்க்ஸ்கேப் என்கிற வரைகிற மென்பொருளில் தமிழில் அடித்து, எழுத்துருவைக் கோட்டு வடிவமாக மாற்றி, லேசருக்கு அனுப்புவது வழக்கம். மாற்றாமல் அனுப்பினால் கொம்பும் காலும் இடம் மாறிப் போகிற ஆபத்து உண்டு. மாற்றினாலும், பல எழுத்துருக்களில் கி, கு, மு மாதிரி எழுத்தில் வளைவு உடம்பின் மேல் கொஞ்சம் ஏறி உட்கார்ந்திருக்கும். திரையில் ஒரே கறுப்பாகத் தெரியும். லேசருக்குப் போகும்போது இரண்டு வடிவம் ஒன்றின் மேல் ஒன்று விழுந்த இடத்தை வெற்றிடம் என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும், அங்கே சுடாமல் தாவிவிடும். பையனின் பெயரைச் செதுக்கிப் பார்த்தபோது எழுத்துக்கு நடுவே அரிசி அளவு வெள்ளைத் துண்டு. எல்லா எழுத்தையும் தேர்ந்தெடுத்து யூனியன் கொடுத்து ஒன்றாகச் சேர்த்துவிட்டால் போய்விடும். ஒரு சொடுக்குதான், ஆனால் தெரியாமல் ஐந்தாவது பலகை போனது. செதுக்குவதற்கு முன் திரையில் நிரப்பு நிறத்தை எடுத்துவிட்டு வெறும் கோடாகப் பாருங்கள், எங்கே எது குறுக்கே போகிறது என்று பளிச்சென்று தெரியும்.

சித்திரை பிறந்தது. வேலூர் வெயில் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், கத்திரி வெயிலில் இங்கே 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம், கோட்டை மதில் கல்லில் சாயங்காலம் ஏழு மணிக்குக் கை வைத்தாலும் சூடு இருக்கும். தை மாதத்தில் 3 மில்லிமீட்டர் ப்ளைவுட்டை நிமிடத்துக்கு 300 மில்லிமீட்டர் வேகத்தில் இரண்டு ஓட்டத்தில் அறுத்த மெஷின், சித்திரை மத்தியானம் மூன்று ஓட்டத்திலும் அறுக்கவில்லை. லேசர் டயோடு சூடேறினால் அதே மின்சாரத்துக்குக் குறைவான வெளிச்சம்தான் தரும், ஆயுளும் குறையும். தலைக்குப் பின்னால் குட்டி ஃபேன் இருக்கிறது, ஆனால் அது ஊதுவதும் அறையில் இருக்கிற அனல் காற்றைத்தானே. சரி, விடியற்காலையில் ஓட்டலாம் என்று ஐந்து மணிக்கு எழுந்துகொள்ளத் தொடங்கினேன். சுடும் பவர் திரும்ப வந்தது. புதிய தொல்லையும் வந்தது.

நடுவில் மெஷின் நின்றுவிடும். போர்ட் (கம்ப்யூட்டரோடு உள்ள இணைப்பு) துண்டிக்கப்பட்டது என்று திரையில் வரும், அவ்வளவுதான், ஒரு மணி நேர வேலை வீண். முதல் தடவை நின்றபோது எம்3-இல் ஓரத்தை அறுத்துக்கொண்டிருந்தது. எம்3-இல் ஒரு ஆபத்து உண்டு, கம்ப்யூட்டரிலிருந்து அடுத்த கட்டளை வராமல் தலை நின்றால் லேசர் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். எனக்கு அப்படித்தான் ஆனது. தலை நின்ற இடத்தில் முதலில் ஒரு புகை நூல், நான் திரையைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் கட்டைவிரல் உயரத்துக்கு மஞ்சள் சுடர். ஸ்விட்சை அணைத்தேன், பக்கத்தில் பக்கெட்டில் வைத்திருந்த ஈரச் சாக்கைப் போட்டேன், அடங்கியது. மொத்தம் பத்து நொடி இருக்காது. காபி போட்டுவிட்டு வரலாம் என்று எழுந்து போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றைக்கு முழுக்க நெஞ்சு அடித்துக்கொண்டது. மெஷின் ஓடும்போது அறையை விட்டு நகராதீர்கள். ஒரு நிமிடத்துக்குக்கூட.

கேபிளை மாற்றினேன். டிரைவரை மறுபடி போட்டேன். லேப்டாப் தூங்கப் போகாமல் இருக்க அமைப்பை மாற்றினேன். விண்டோஸ் யுஎஸ்பி-யைச் சிக்கனத்துக்காக அணைக்கும், அதையும் நிறுத்தினேன். நிற்பது நிற்கவில்லை. விற்றவர்களுக்கு எழுதினால் போர்டை மாற்றச் சொன்னார்கள். ஒரே ஒரு துப்பு மட்டும் இருந்தது, லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டினால் பெரும்பாலும் நிற்பதில்லை. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. நின்ற நேரத்தை மட்டும் பலகையின் பின்னால் எழுதிக்கொண்டே வந்தேன். 6.05. 6.10. அடுத்த நாள் 6.05. ஒரு ஞாயிற்றுக்கிழமை 7.20.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மாமா வாசல்படியில் வந்து நின்றார்.

“இன்னாம்மா, மறுபடியும் நின்னுடுச்சா?”

“ஆமாம் மாமா. போர்டு மாத்தணும்னு சொல்றாங்க.”

“போர்டு கெடக்கட்டும். நான் தண்ணி மோட்டார் போட்டதும்தானே இது நிக்குது? கவனிச்சியா?”

நான் பலகையை அவரிடம் காட்டினேன். அவர் தினமும் காலை ஆறு மணி வாக்கில் சம்ப்பில் இருந்து மாடித் தொட்டிக்கு மோட்டார் போடுவார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் தாமதம். நேரம் அப்படியே பொருந்தியது. மாமா உள்ளே போய் ஹோல்டரில் மாட்டிய பல்பும் இரண்டு கம்பியுமாக அவருடைய பழைய டெஸ்ட் லேம்ப்பை எடுத்து வந்தார். பிளக் பாயின்டில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் வைத்தார், பல்பு பளீரென்று எரிந்தது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் வைத்தார். உள்ளே இழை மட்டும் செங்கல் நிறத்தில் கனன்றது, அவ்வளவுதான். “எர்த்து செத்துக் கெடக்கும்மா இங்க” என்றார். (இந்தச் சோதனையை அவர் செய்தார், அவருக்கு முப்பது வருஷப் பழக்கம். நீங்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.)

எர்த் குழி வீட்டுக்குப் பின்னால், துவைக்கிற கல் பக்கத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் கல்லில் துவைக்கிற தண்ணீர் முழுக்க அந்தப் பக்கம்தான் ஓடும், குழி தானாக ஈரமாகவே இருக்கும். வாஷிங் மெஷின் வாங்கிய பிறகு தண்ணீரைக் குழாய் போட்டு நேராகச் சாக்கடைக்கு விட்டுவிட்டோம். குழிக்குத் தண்ணீர் போவது நின்றே நாலைந்து வருஷம். அதன் மேல் இந்த வெயில் வேறு. மாமா மூடிக் கல்லை நகர்த்தியபோது உள்ளே மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது, கம்பியைச் சுற்றி விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி. கம்பி மண்ணை ஒட்டித் தொடவே இல்லை என்று சொல்லலாம். காய்ந்த மண் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. மோட்டார் கிளம்பும்போது வருகிற மின் இரைச்சல் மண்ணுக்குள் போக வழியில்லாமல், எர்த் கம்பி வழியாக லேப்டாப் சார்ஜருக்கும் மெஷினுக்கும் வந்து யுஎஸ்பி-யைக் குழப்பியிருக்கிறது. பேட்டரியில் ஓட்டினால் அந்தச் சுற்று அறுந்துவிடுகிறது, அதனால் நிற்கவில்லை.

மெயினை அணைத்துவிட்டு, கம்பி முனையில் பிடித்திருந்த துருவைச் சுரண்டிப் புதிய கிளாம்ப் போட்டார். கரித்தூளும் கல் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு, மண் தள்ளி, நாலு குடம் தண்ணீர் ஊற்றினோம். நிலம் குடித்தது, அப்படி ஒரு தாகம். மறுநாள் டெஸ்ட் லேம்ப் எர்த்திலும் பளீரென்று எரிந்தது. மோட்டாரைப் போடச் சொல்லி, மெஷினை ஓடவிட்டு, இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். நிற்கவில்லை. போட்டு அணைத்து, போட்டு அணைத்து ஆறு தடவை. நிற்கவே இல்லை. கேபிளையும் ஒன்றரை மீட்டருக்குக் குறைத்து, முனையில் மின் இரைச்சலைத் தடுக்கிற ஃபெரைட் உருளை உள்ளதாக மாற்றிக்கொண்டேன், அது கூடுதல் பாதுகாப்புக்கு. லேசரை விடுங்கள், ஃபிரிட்ஜும் கீசரும் வாஷிங் மெஷினும் இத்தனை வருஷம் எர்த் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன என்பதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

சின்ன விஷயங்கள் இரண்டு. மீன் தொட்டிக்குக் காற்று விடுகிற பம்ப்பைக் குழாயோடு இணைத்துச் சுடும் இடத்தில் ஊதவிட்டால் கரி குறையும், லென்ஸில் புகை படியாது. அப்புறம் லென்ஸ், பத்து மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் மெதுவாகத் துடையுங்கள். பவர் குறைந்துவிட்டது என்று தோன்றினால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

எங்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்காகத் தோலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று சுற்றிலும் தோல்தான், கம்பெனியில் வெட்டுத் துண்டு கேட்டால் பை நிறையக் கிடைக்கும், சாவிக்கொத்து செய்யலாமே என்று கை போகும். நான் போகவிடவில்லை. இங்கே கிடைப்பதில் பெரும்பாலும் குரோமியத்தில் பதனிட்ட தோல். அதில் இருக்கிற மூன்றாம் நிலை குரோமியம் சுடும்போது ஆறாம் நிலையாக மாறக்கூடும், அது புற்றுநோய் தருவது. ஆறாம் நிலைக் குரோமியம் என்றால் என்ன என்று இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ராணிப்பேட்டையில் மலை மாதிரி குவிந்த கழிவைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். தோல் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-இல் தீர்ப்பு வந்தது. வேறு ஊரில் பாடப் புத்தகத்தில் படிப்பதை நாங்கள் கிணற்றுத் தண்ணீரில் பார்த்தோம். அதை என் பின் அறையில் நானே புகையாக்கக் கூடாது.

லேசருக்கு ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட தோல்தான் வேண்டும். துண்டின் வெட்டு ஓரத்தைப் பாருங்கள், நடுவில் நீலமோ சாம்பலோ ஓடினால் குரோமியம். உள்ளே வரை ஒரே பழுப்பாக இருந்தால் பட்டைத் தோலாக இருக்கலாம், ஆனால் சாயம் உள்வரை ஏறியிருந்தால் இது ஏமாற்றும், அதனால் எங்கே பதனிட்டது என்று கேட்டு வாங்குவதே நல்லது. ரெக்சின் பக்கமே போகாதீர்கள். அது பிவிசி பூசிய துணி, சுட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், நுரையீரலுக்கும் கேடு, மெஷினின் இரும்பெல்லாம் துருப்பிடித்துவிடும். எது என்று சந்தேகம் வந்தால் வெளியே திறந்த இடத்தில் ஒரு செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, அந்தப் பொருளைத் தொட்டு, மறுபடி நெருப்பில் காட்டுங்கள். சுடர் பச்சையாக எரிந்தால் அதில் குளோரின் இருக்கிறது, மெஷினுக்குள் போகக் கூடாது.

பத்தாவது பலகை ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை விடியற்காலை. தேக்கின் மேல் பேப்பர் டேப்பை முழுக்க ஒட்டினேன், புகைக் கறை டேப்போடு போய்விடும். எம்4, நிமிடத்துக்கு 2500 மில்லிமீட்டர், பவர் 55 சதவீதம், கோட்டுக்குக் கோடு 0.1 மில்லிமீட்டர். ஒரு மணி நாற்பது நிமிடம். ஆறு மணிக்கு மாமா மோட்டார் போடுகிற சத்தம் கேட்டது, தலை தடுமாறாமல் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது, அப்போது அது இ-யின் உள்சுழியில் இருந்தது. முடிந்ததும் டேப்பை உரித்து, ஈரத் துணியால் துடைத்து, காயவிட்டு, வார்னிஷ் இரண்டு கை. மூன்று புள்ளியும் எழுத்தின் நிறத்திலேயே இருந்தன.

மாமியார்தான் ஆணி எங்கே அடிக்க வேண்டும் என்று சொன்னார். மாமா வெள்ளிக்கிழமை தோறும் எர்த் குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறார். பக்கத்து வீட்டு அக்கா தன் வீட்டுக்கும் ஒரு பலகை கேட்டிருக்கிறார், ‘முருகன் துணை’ என்று எழுத வேண்டுமாம். மு-வில் வளைவு ஏறியிருக்கிறது, யூனியன் கொடுக்க வேண்டும்.